ஏடு புரளும் கடிகாரங்கள்

"ரயில்வேயிலிருந்து ரிடையர் ஆயிற்று, பொழுது எப்படிப் போகிறது?" என்று சங்க விழாக்களில் அன்பர்கள் கேட்கிறார்கள். பழைய ஃப்ளிப் கடிகாரங்களை மும்பை சோர் பஜாரில் தேடிப் பிடித்துச் சீர்செய்வதில் போகிறது. இவற்றுக்கு முள் கிடையாது. எண் அச்சிட்ட சிறு ஏடுகள் நிமிடத்துக்கு ஒன்றாக 'டக்'கென்று விழுந்து மணி காட்டும். இத்தாலியில் உதினே நகரத்துச் சொலாரி நிறுவனம் இதில் முன்னோடி. விமான நிலையங்களில் ஊர்ப் பெயர்கள் படபடவென்று புரண்ட பலகைகள் பலவும் அவர்கள் செய்தவையே.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடிக்கக் காரணம் என் அண்ணன். கப்பலில் வேலை பார்த்தவர். 1981-ல் அமெரிக்காவிலிருந்து ஒன்று வாங்கி வந்தார். 120 வோல்ட் என்பதால் டிரான்ஸ்பார்மர் வைத்து மாட்டினோம். மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது. "உன்னை நன்றாக ஏமாற்றிவிட்டான்" என்றார் அப்பா. அண்ணன் பதில் பேசவில்லை. கடிகாரம் பரணுக்குப் போயிற்று.

ஓய்வுக்குப் பிறகுதான் அதை இறக்கிப் பின்பக்கத் தகட்டைப் படித்தேன். 60 சைக்கிள்! இதிலுள்ள சிங்க்ரனஸ் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் சைக்கிளைப் பொறுத்தது. நம் நாட்டில் 50. ஆகவே ஒரு மணி நேரத்தில் 50 நிமிடம்தான் காட்டும். கடிகாரத்தில் குற்றமே இல்லை. எலெக்ட்ரிகல் டிப்ளமோ வாங்கிய நான் பக்கத்திலேயே நின்றும் தகட்டைப் பார்க்கவில்லை. இதை அண்ணனிடம் சொல்ல அவரும் இப்போது இல்லை.

மோட்டாரின் பல்சக்கரங்களில் எண்ணெய் பசையாக இறுகியிருந்தது. துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டேன். ஏடுகளை வெதுவெதுப்பான சோப்பு நீரில்தான் துடைக்க வேண்டும். தின்னர் பக்கமே போகாதீர்கள். பஜாரில் வாங்கிய முதல் கடிகாரத்தில் 7 என்ற எண் பஞ்சோடு வந்துவிட்டது! பின்னோக்கித் திருப்பினாலும் ஏடு மடங்கிவிடும். கழற்றுமுன் வரிசையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குவார்ட்ஸ் கிரிஸ்டல் வைத்து 60 சைக்கிள் கொடுக்கும் சிறு சர்க்யூட் ஒன்றும் செய்தேன். மோட்டாருக்குச் சில வாட் போதும். மூன்று முறை டிரான்சிஸ்டர் புகைந்தது. நான்காம் முறை ஓடியது. ரேடியோவின் மணியோசையோடு ஒரு வாரம் ஒப்பிட்டேன், பிசகவில்லை.

தீபாவளிக்கு வந்த அண்ணியிடம் அதைக் கொடுத்துவிட்டேன். இந்தப் பெட்டியைத் தவிர வேறு பிளக்கில் சொருகக் கூடாது என்று பின்னால் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.