வாசலுக்குள் அடங்காத வட்டங்கள்

பழம்பொருள்களை வைக்கும் இடத்துக்கு நாம் 'நூதனசாலை' என்று பெயர் வைத்திருக்கிறோம். நூதனம் என்றாலோ புதுமை. இந்த முரணை வகுப்பில் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஆனால் இஸ்தான்புல் நகரின் ஹாகியா சோபியாவின் கதையைப் படித்தபோது, அந்தப் பெயர் பொருத்தந்தான் என்று தோன்றியது.

கி.பி. 537இல் பைசாந்தியப் பேரரசன் ஜஸ்டினியன் கட்டிமுடித்த தேவாலயம் அது. 1453இல் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் நகரைக் கைப்பற்றியதும் பள்ளிவாசலாயிற்று. கட்டடம் நோக்கிய திசை வேறு, மக்காவின் திசை வேறு. ஆகவே மிஹ்ராப் என்னும் தொழுகை மாடத்தைச் சற்றே திருப்பி அமைத்தார்கள். இன்றும் அந்தத் திருப்பம் கண்ணுக்குத் தெரியும். காலப்போக்கில் சுவரிலிருந்த மொஸைக் உருவங்கள் சாந்துப் பூச்சுக்குள் போயின. 1847 முதல் 1849 வரை திருத்தவேலை செய்த பொசாட்டி சகோதரர்கள் அவற்றைத் திறந்து பார்த்து, படமாக வரைந்துகொண்டு, மறுபடியும் மூடினார்கள். அதே காலத்தில் அல்லாஹ், முஹம்மது நபி, நான்கு கலீபாக்கள், ஹசன், ஹுசைன் ஆகிய பெயர்கள் எழுதிய எட்டுப் பெரிய வட்டப் பலகைகள் மேலே ஏறின. எழுதியவர் முஸ்தபா இஸ்ஸத் எபெந்தி. ஒவ்வொன்றும் ஏழரை மீற்றர் விட்டம்.

1934 நவம்பரில் அதாதுர்க்கின் அமைச்சரவை அதனை நூதனசாலையாக்கத் தீர்மானித்தது. 1935 பெப்ரவரி 1ஆம் திகதி கதவு திறந்தது. கம்பளங்கள் போய்ச் சலவைக்கல் தரை தெரிந்தது. 1931இலேயே தோமஸ் விட்டமோர் குழுவினர் தொடங்கிய வேலையால் பழைய முகங்கள் சாந்தை விட்டு வெளிவந்தன. அறிஞர்களுக்குப் பெருவிருந்து! ஆனால் 481 ஆண்டுகள் நெற்றி பதிந்த தரையில் இனித் தொழ முடியாது என்றானவருக்கு அது இழப்பே. அவ்விருவரில் ஒருவர் பக்கம் மட்டும் நின்று பேச எனக்கு மனம் வரவில்லை.

அந்த வட்டப் பலகைகளையும் கழற்றி இறக்கினார்கள். வெளியே கொண்டுபோகப் பார்த்தால், வாசல்கள் போதவில்லை! உள்ளேயே கிடந்து, 1949இல் மறுபடியும் பழைய இடத்திலேயே ஏறின. கிறிஸ்து, மரியாள் உருவங்களும் அல்லாஹ்வின் திருநாமமும் ஒரே பார்வையில் அடங்கிய அந்தக் காட்சியை, கோயிலும் காட்டவில்லை, பள்ளிவாசலும் காட்டவில்லை. நூதனம் என்று நான் சொன்னது இதைத்தான்.

2020 ஜூலை 10ஆம் திகதி துருக்கியின் உயர் நிர்வாக நீதிமன்றம் 1934ஆம் ஆண்டுத் தீர்மானத்தை இரத்துச் செய்தது. 24ஆம் திகதி ஜும்ஆத் தொழுகை நடந்தது. கம்பளம் திரும்பவும் விரிந்தது. மிஹ்ராப்புக்கு மேலேயுள்ள மரியாள் உருவத்தைத் தொழுகை வேளையில் மறைக்க, இம்முறை சாந்து பூசவில்லை, திரைச்சீலை தொங்கவிட்டார்கள்.