மின்வில்லின் ஒலியறிதல்



மண்பானை வாங்கச் செல்லும் மூதாட்டி, அதனை விரல்முட்டியால் தட்டிப் பார்த்த பின்னரே விலை பேசுகிறாள். கண்ணுக்குத் தென்படாத கீறலைக் காது காட்டிக் கொடுக்கும் என்பது அவள் அறிந்த உண்மை. எஃகுத் தகடுகளை மின்சாரத்தால் பற்றவைக்கும் வெல்டரும் இவ்வாறே காதை நம்பி வேலை செய்கிறார். அந்த நம்பிக்கைக்குப் பௌதிகம் கூறும் காரணம் யாது, அது எவ்விடத்தில் பொய்த்துவிடும் என்னும் இரண்டையும் இன்று விளக்க முற்படுகிறேன். பாலத்தின் உத்தரமும் லாரியின் அடிச்சட்டமும் இத்தகைய இணைப்புகளை நம்பியே பாரம் தாங்குகின்றன. ஆதலின் இது பட்டறையோடு முடிந்துவிடும் செய்தி அன்று.

மிக் வெல்டிங் என்னும் முறை 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாயிற்று. சுருளிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று டார்ச்சின் வழியே இடையறாது வெளிவருகிறது. கம்பியின் முனைக்கும் தகட்டுக்கும் இடையே மின்வில் எரிகிறது. அந்த வெப்பத்தில் கம்பியே உருகித் துளிகளாக இணைப்பில் சேர்கிறது. வெளிக்காற்று தீண்டாதபடி ஒரு வாயு சுற்றிலும் காவல் நிற்கிறது.

இனி ஒலி பிறக்கும் விதத்தைக் காண்போம். மின்வில் தன்னைச் சூழ்ந்த வாயுவைச் சூடாக்கி விரியச் செய்கிறது. அதன் ஆற்றல் ஒரே அளவாய் நின்றால் விரிந்த வாயு விரிந்தபடியே இருக்கும், பேரொலி எழாது. ஆற்றல் ஏறியும் இறங்கியும் மாறும்போதுதான் வாயு விம்மியும் ஒடுங்கியும் ஒலியலைகளை எழுப்பும். எனவே, காது கேட்பது மின்சாரத்தின் அளவை அன்று, அதன் மாற்றத்தையே. இந்த ஒரு கருத்தைப் பற்றிக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

குறைந்த வோல்ட்டில் கம்பி உருகிய குளத்தைத் தொடுகிறது, மின்வில் அணைகிறது, தொட்ட முனை உருகி அறுந்ததும் மீண்டும் எரிகிறது. வினாடிக்குப் பல பத்துத் தடவை இது நிகழ்வதால், எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற படபடப்புக் கேட்கும். மெல்லிய தகடுகளுக்கு இதுவே ஏற்ற முறை.

மின்சாரத்தை ஓர் எல்லைக்கு மேல் உயர்த்தினால் துளிகள் கம்பியின் விட்டத்தினும் சிறியனவாகித் தூறல்போல் பாய்கின்றன. இதுவே ஸ்பிரே முறை. 1.2 மில்லிமீட்டர் எஃகுக் கம்பிக்கு, ஆர்கான் மிகுந்த வாயுவில், அவ்வெல்லை ஏறத்தாழ 220 முதல் 250 ஆம்பியர். மின்வில் அணைவதே இல்லையாதலால் பொரிதல் ஒழிந்து, சீரான மெல்லிய இரைச்சல் மட்டுமே எஞ்சும். மின்சாரம் மிகுந்திருக்க ஒலி அடங்கியிருப்பது புதியவர்களுக்கு வியப்பளிக்கும். மாற்றமே ஒலி என்பதை உணர்ந்தோர்க்கு அதில் வியப்பில்லை.

இம்முறையில் அளவு பொருத்துவது எளிது. முதலில் கம்பியின் வேகத்தை நிலைப்படுத்துக. பின்னர் வோல்ட்டைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பொரியும் ஒலி தலைகாட்டியதும் நிறுத்துக. அவ்வொலி மறையுமளவுக்குச் சற்றே உயர்த்தினால் போதும். என் பழைய மாணவர் ஒருவரின் பட்டறையில் மின்வில்லுக்கு முதுகைக் காட்டி நின்று இதனைக் கேட்டிருக்கிறேன். வோல்ட்டு குறைந்த கணத்திலேயே வேறுபாடு எனக்கும் புலப்பட்டது. அளவுக்கு மிஞ்சி உயர்த்தினாலோ மின்வில் நீண்டு, தகட்டின் ஓரத்தில் பள்ளம் அரிக்கும். எவ்வளவு உயர்த்தியும் படபடப்பு ஓயவில்லையெனில் வாயுவைச் சோதிக்க வேண்டும். கரியமில வாயு நூற்றுக்கு இருபது பங்கை மிஞ்சினால் உண்மையான ஸ்பிரே அமையாது.

பல்ஸ் முறை இவ்விரண்டினும் வேறானது. மின்வில் அணையாதிருக்கச் சிறிதளவு மின்சாரம் எப்போதும் ஓடுகிறது. இடையிடையே பெரும் துடிப்பு ஒன்று வந்து ஒரு துளியை உதிர்க்கிறது. சராசரி மின்சாரம் குறைவாதலால், ஸ்பிரே முறைக்கு இடந்தராத மெல்லிய தகட்டிலும், செங்குத்து இணைப்பிலும் இதனைக் கையாளலாம். துடிப்பு ஒழுங்காக வருவதால் ஒலி ஒரு சுருதியாகிறது. வினாடிக்கு நூறு துடிப்பானால் நூறு அதிர்வுடைய ரீங்காரம் எழும். இக்காலத்து இயந்திரங்கள் பலவற்றில் கம்பியின் வேகத்தைக் கூட்டினால் துடிப்பும் கூடி, சுருதியும் ஏறும். ரீங்காரத்தினிடையே பட்டென்ற வெடிப்புகள் கேட்டால், மின்வில் குறுகிக் கம்பி குளத்தைத் தொடுகிறது என்று கொள்க. மின்வில்லின் நீளத்தைச் சற்றுக் கூட்டினால் சரியாகும். அளவுகளைத் தொடாதபோதே சுருதி தள்ளாடினால், கம்பி தடையின்றி வருகிறதா, டார்ச்சின் முனை தேய்ந்துள்ளதா, எர்த் கிளாம்ப் தளர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் கூறியபின் ஓர் எச்சரிக்கையையும் கூறியாக வேண்டும். மெல்லிய தகட்டுக்குரிய அந்தப் படபடப்பு, கனத்த தகட்டின்மேலும் குறையின்றிச் சீராகவே ஒலிக்கும். ஆனால் அங்கே வெப்பம் போதாமல், உருகிய உலோகம் தகட்டோடு கலவாது மேலே படிந்து நின்றுவிடலாம். காதுக்கு இனிது, கண்ணுக்கும் அழகு, பாரம் ஏறும் நாளில் பிளவு! இணைப்பினுள் அடைபட்ட வாயுக் குமிழிகளையும் காது உறுதியாகச் சொல்லாது. துளி எவ்வாறு செல்கிறது என்பதே ஒலி தரும் செய்தி. சென்ற துளி உள்ளே கலந்ததா என்பது வேறு வினா. அதற்கு விடை காண, அதே கனமுள்ள வீண்தகட்டில் முன்னதாகப் பற்றவைத்து, குறுக்கே அறுத்து மெருகிட்டு, அமிலம் தடவிப் பார்த்தல் வேண்டும்; அல்லது வளைத்துச் சோதித்தல் வேண்டும்.

ஆதலால், தொழில் பயிலும் இளைஞர்களே, நல்ல இணைப்பு எனச் சோதனையில் தேறிய அளவுகளின் ஒலியையே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தேறாத ஒலி எவ்வளவு இனிதாயினும் அதனை நம்பாதீர்கள். பேரிரைச்சலுள்ள பட்டறையில் செவிக்காப்பு அணியத் தவறாதீர்கள். இரைச்சலைக் குறைக்கும் அக்காப்பின் ஊடேயும் பொரிதலையும் ரீங்காரத்தையும் பகுத்தறியப் பழகிக்கொள்ளலாம். ஆனால் இழந்த செவியைத் திரும்பப் பெறுதல் இயலாது.