ரூமுக்கு ஆள் தேவை, முழு ஆதார் எதற்கு?

சித்தூரிலிருந்து வரும் சாலை திருப்பதிக்கும் கடப்பாவுக்கும் பிரிகிற ஊர் புத்தலப்பட்டு. படிப்பு, வேலை என்று இந்தப் பக்கம் அலைகிற பிள்ளைகள் சேர்ந்துதான் ரூம் எடுக்கிறார்கள். வாடகையைப் பங்குபோட வருபவரிடம் முதல் கேள்வி, "எந்த ஊரு?" அடுத்தது, "சைவமா?" மூன்றாவதை வாய்விட்டுக் கேட்காமல் அப்பா பெயரிலிருந்து துருவுவார்கள். இதில் எதுவும் ஐந்தாம் தேதி வாடகை வருமா என்று சொல்லாது.

சம்பளம் என்றைக்கு வரும், முன்பு யாரோடு தங்கினார், ஏன் கிளம்பினார் என்று கேளுங்கள். பழைய ரூம்மேட்டின் நம்பரைத் தயங்காமல் தருபவர் பாதி தேறிவிட்டார். அக்ரிமெண்டில் இருவர் பெயரும் இருக்கட்டும். இல்லாவிட்டால் அவர் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிய பிறகு, ஓனர் முழு வாடகைக்கும் உங்களைத்தான் பிடிப்பார். "தெரிஞ்சவங்க மூலமா வந்தா போதாதா?" என்பார்கள். அந்தத் தெரிந்தவர் வாடகைக்கும் பொறுப்பேற்றால் போதும்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது ஆதார் ஜெராக்ஸ். ஓனருக்கு ஒன்று, புரோக்கருக்கு ஒன்று, ரூம்மேட்டுக்கு வாட்ஸ்அப்பில் ஒன்று. கடையில் முதல் காப்பி கறுப்பாக விழுந்தால் மெஷினுக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டிக்குப் போகிறது. எண், முகவரி, போட்டோ எல்லாம் அதில் இருக்கிறது. யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

அத்தனை பேருக்கும் முழு எண் எதற்கு? ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதாரை இறக்கிக்கொள்ளலாம். கடைசி நான்கு மட்டும் தெரியும். அசலா போலியா என்று பார்க்க ஜெராக்ஸ் உதவாது. அட்டையிலுள்ள கியூஆர் கோடை ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால், பெயரும் படமும் பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். ஜெராக்ஸ்தான் வேண்டும் என்று ஓனர் பிடிவாதம் பிடித்தால், எதற்காக, யாருக்கு, என்றைக்கு என்று அதன் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துத் தொலைத்தவர்கள், தொலைத்தொடர்புத் துறை 2023-ல் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் தங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

ரூம் கேட்டு வருபவர் எண்ணை மறைத்த ஆதாரை நீட்டினால் சந்தேகப்படாதீர்கள். தன் காகிதத்தில் கவனமாக இருப்பவர், கரண்ட் பில்லிலும் கவனமாகத்தான் இருப்பார்.