தவழும் பிள்ளைக்கு ஒரு கழற்று அடைப்பு

தீவுப் பகுதி வளவுகளில் கிணறும் நீர்த்தொட்டியும் அடுப்பும் அருகருகே உள்ளன. தாய் நீர் அள்ளும்போதும் ஓலை பின்னும்போதும் தவழும் பிள்ளையை இருத்தப் பாதுகாப்பான இடம் வேண்டும். சிறுபிள்ளைகளுக்கு நீர்நிலையிலிருந்து விலகிய அத்தகைய இடம் அவசியம் என்று உலக சுகாதார நிறுவனம் 2014ஆம் ஆண்டு அறிக்கையில் வலியுறுத்தியது. பங்களாதேஷ் கிராமங்களில் மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் செய்த அடைப்புகள் வீடுகளுக்கு வழங்கப்பட்டன. நாமும் ஒன்றைச் செய்துகொள்ளலாம்.

நான்கடி நீளமும் இரண்டரை அடி உயரமும் கொண்ட நான்கு சட்டங்கள் போதும். கம்புகளை நிலைக்குத்தாகவே அடிக்க வேண்டும். குறுக்குக் கம்பு பிள்ளைக்கு ஏணிப்படியாகிவிடும். இடைவெளி இரண்டேகால் அங்குலத்தை மீறினால் உடல் நுழைந்து தலை சிக்கும். பனஞ்சிலாகையில் சிராய் கிளம்பும். ஆகவே சீவுளியால் சீவிய மரமே நல்லது.

மூலைகளில் ஐந்தடிக் கால்களை ஊன்றி, சட்டங்களை அவற்றோடு கயிற்றால் இறுக்குங்கள். முடிச்சுகள் வெளிப்புறம் இருக்கட்டும். நெடுந்தீவின் கற்றரையில் கால் ஊன்ற முடியாவிடில், வெளியே கல் அண்டை கொடுக்கலாம். வேலை இடம் மாறும்போது அவிழ்த்து அடுக்கித் தூக்கிச் செல்லலாம்.

மேலே பனையோலைப் பாயோ பழைய சேலையோ கட்டினால் நிழல் கிடைக்கும். பக்கங்களை மூடக்கூடாது, காற்றோட்டம் இல்லாவிடில் நிழலிலும் வெப்பம் தேங்கும். சோளகக் காற்றில் இம்மறைப்பு பாய்போலப் புடைத்து அடைப்பையே சாய்க்கும். எனவே இழுத்தவுடன் அவிழும் முடிச்சே வேண்டும்.

பிள்ளை விளிம்பில் ஏறத் தொடங்கியதும் இதனை நிறுத்திவிடுங்கள். அடைப்பு இருக்கிறதென்று கிணற்றுக்குக் கட்டுக் கட்டாமல் விடவோ, பிள்ளையைக் கண்பார்வையிலிருந்து அகற்றவோ கூடாது.