மாமாவின் சொகுசு வண்டியும் சோப்பு நுரையும்

கியா பார்ம் சந்தைக்கு வருபவர்கள் ஸ்ட்ராபெரியையும் சோளத்தையும் படமெடுத்துக்கொண்டு போவார்கள். காய்கறிக் கூடைகளோடு மேட்டில் முனகி ஏறும் பழைய லேண்ட் ரோவர்களையும் கொஞ்சம் பாருங்கள் என்பேன். அவற்றில் பல, என்னைவிட இரு மடங்கு மூத்தவை.

லேண்ட் ரோவர் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. போர் முடிந்த காலம், பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் மேல்கூட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். கேமரன் மலையின் ஓயாத ஈரத்திலும் அது துருப்பிடிக்காது. ஆனால் அடியிலுள்ள சேசிஸ் எஃகு. எஃகும் அலுமினியமும் சேரும் இடத்தில் ஈரம் நின்றால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். ஐந்தாம் படிவ வேதியியலில் மனப்பாடம் செய்த மின்வேதியியல் எனக்கு உண்மையில் புரிந்தது ஒரு லேண்ட் ரோவர் கதவின் அடியில்தான்! இந்த வண்டிகளில் பெரும்பாலானவை போல்ட்டும் நட்டும்தான். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த தோட்டக்காரர் எவரும் கழற்றி மாட்டுவார்.

சொகுசு எஸ்யூவி அப்படியல்ல. என் மாமா பதினெட்டு வயதான ஒன்றை மலிவாக வாங்கினார். பெயர் வேண்டாமே. இத்தகைய வண்டிகளில் ஒரு பொறி இருக்கிறது: வண்டியின் விலை ஆண்டுதோறும் விழும், உதிரிப்பாகத்தின் விலை விழாது. ஒரு நாள் காலையில் வண்டியின் பின்பக்க இடது மூலை தரையைத் தொடுவதுபோல் இறங்கிக் கிடந்தது. பட்டறையில் கம்ப்ரசரை மாற்றச் சொன்னார்கள். நாலாயிரம் வெள்ளி! மாமா மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக எடுத்து வைத்திருந்த தொகையும் கிட்டத்தட்ட அதுதான்.

"நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியேம்மா, ஒரு தடவை பாத்துச் சொல்லு," என்றார் மாமா.

காற்று சஸ்பென்ஷனில் எஃகுச் சுருளுக்குப் பதில் ரப்பர் பைகள். கம்ப்ரசர் காற்றை அழுத்தித் தரும், வால்வுகள் அதைப் பிரித்து அனுப்பும், உயரத்தை உணரும் சென்சர்கள் கணினிக்குச் சொல்லும். ரப்பர் வயதாகி மடிப்பில் வெடிப்பு விட்டால் காற்று கசியும். கசிவை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், சூடாகும், கடைசியில் எரியும். ஆகவே கம்ப்ரசர் செத்திருந்தாலும் முதல் கேள்வி, அது ஏன் செத்தது என்பதே. கசிவை விட்டுவிட்டுப் புதியதைப் பூட்டினால் அதற்கும் அதே கதிதான்.

சோப்புத் தண்ணீரைத் தெளித்தோம். இடது பையின் மடிப்பில் நுரை குமிழ் குமிழாய்க் கிளம்பியது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பையை மட்டும் வாங்கினோம். ஒரு சனிக்கிழமையும் ஞாயிறு பாதியும் போனது. அதில் பாதி நேரம், பிடித்துக்கொண்ட ஒரே ஒரு போல்ட்டுக்கு!

இந்த வேலையில் இரண்டு விஷயங்களில் விளையாடக் கூடாது. காற்றை வெளியேற்றாமல் குழாயைக் கழற்றக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு வைத்த பிறகே தலையை உள்ளே விடுங்கள். காற்று வண்டி எந்த நொடியும் இறங்கும்.

பிரேக்கை நாங்கள் தொடவில்லை, போர்மெனிடம் விட்டோம். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை குறையும். தாப்பா இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் அது கொதித்து, மிதி வெறுமையாகிவிடலாம். அந்தப் பாதையில் கற்றுக்குட்டி வேலைக்கு இடமில்லை.

இன்னொரு தடை கணினி. மலிவான ஸ்கேனர் பெரும்பாலும் எஞ்சின் கோளாறுகளைத்தான் காட்டும். சஸ்பென்ஷனைப் படிக்க அந்தந்த வண்டிக்கான கருவி வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2012இல் வாக்காளர்கள் இதற்காகவே ஒரு சட்டத்தை வாக்களித்து நிறைவேற்றினார்கள். பழுது பார்க்கத் தேவையான தகவலை உரிமையாளருக்கும் வெளிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்பது அதன் சாரம். நம் பல்கலைக்கழகங்களில் இதைப் பற்றி ஒரு விவாதப் போட்டிகூட வைக்கலாம்.

மாமாவின் வண்டி இப்போது நேராக நிற்கிறது. கல்லூரிக் கட்டணமும் கட்டியாயிற்று. மற்ற மூன்று பைகளுக்கும் அதே பதினெட்டு வயதுதான். அடுத்த விடுமுறைக்கு நான் ஊர் வரும்வரை தாங்கும் என்கிறார் மாமா.