நிப்பாவை அடையாளம் காணும் உடல் எச்.ஐ.வியிடம் தடுமாறுவது ஏன்?

மலேசியாவின் தெமியாங்கிலும் சிரம்பானைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் 1999ஆம் ஆண்டை மறந்தவர்கள் குறைவு. அதற்கு முந்தைய செப்டம்பரில் ஈப்போ பக்கம் தொடங்கிய மூளைக்காய்ச்சல், சிக்காமட்டுக்கும் பிறகு சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் கிராமங்களுக்கும் பரவியது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் படுக்கையில் விழுந்தவர்கள் குழந்தைகள் அல்ல, பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் காய்ச்சல் வந்தது. 1999 மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங், சுங்கை நிப்பா நோயாளியின் முதுகுத்தண்டு நீரிலிருந்து புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அந்தக் கிராமத்தின் பெயரே வைரசுக்கும் வந்தது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டார்கள், 105 பேர் இறந்தார்கள். சுமார் 11 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன.

வைரஸ் தானாக வாழ முடியாது. உயிரணு ஒன்றுக்குள் நுழைந்தால்தான் பெருக முடியும். நுழைவதற்கான கருவி அதன் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் புரதங்கள். நிப்பாவுக்கு அப்படிப்பட்ட புரதங்கள் இரண்டு உண்டு. ஜி என்ற புரதம், ரத்தக் குழாயின் உள்சுவரிலும் நரம்பணுக்களிலும் உள்ள எஃப்ரின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. எஃப் என்ற புரதம் வைரசின் உறையையும் உயிரணுவின் சவ்வையும் ஒன்றாக இணைக்கிறது. நிப்பா மூளையைத் தாக்குவதற்கு, நரம்பணுவிலும் உள்ள எஃப்ரினை அது பற்றுவது ஒரு முக்கியக் காரணம்.

துருத்தி நிற்பதுதான் நம் உடலின் கண்ணில் முதலில் படுகிறது. வெள்ளை அணுக்களில் ஒரு வகையான பி செல்கள், அந்தப் புரதத்தில் பொருந்தி ஒட்டும் எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்ட புரதத்தால் உயிரணுவைப் பற்ற முடியாது. நிப்பாவிடமிருந்து பிழைத்தவர்களின் ரத்தத்தில் இத்தகைய எதிர்ப்பொருள்கள் உருவாகியிருந்தன. நிப்பாவின் நெருங்கிய உறவான ஹெண்ட்ரா வைரசுக்கு எதிராக, அதன் ஜி புரதத்தை மட்டும் கொண்டு ஆஸ்திரேலியாவில் குதிரைகளுக்குத் தடுப்பூசி செய்தார்கள். 2012 முதல் அது புழக்கத்தில் இருக்கிறது. மேற்பரப்புப் புரதத்தை உடலுக்குக் காட்டிக்கொடுத்தாலே பாதுகாப்பு கிடைக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

அப்படியானால் 1983இல் பாரிசின் பாஸ்டர் ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட எச்.ஐ.விக்கு இன்றுவரை தடுப்பூசி ஏன் இல்லை? அதற்கும் மேற்பரப்புப் புரதங்கள் உண்டு. வெளியே ஜிபி120, அதைத் தாங்கி நிற்கும் ஜிபி41. மூன்று மூன்றாகச் சேர்ந்து ஒரு முள்ளாக நிற்கும். இந்த முள்ளை நெருங்கிப் பார்த்தால் விடை தெரியும்.

முதலில், முட்களே குறைவு. சளிக்காய்ச்சல் தரும் இன்ஃபுளுவென்சா வைரஸ் ரம்புத்தான் பழம் போல நூற்றுக்கணக்கான முட்களால் மூடியிருக்கும். எச்.ஐ.வியின் மேலே இருப்பவை சுமார் 14தான். எதிர்ப்பொருளுக்கு இரண்டு கைகள் உண்டு. இரண்டும் பற்றினால்தான் பிடி இறுகும். முட்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் ஒரு கை பெரும்பாலும் சும்மா தொங்குகிறது.

இரண்டாவது, சர்க்கரைப் போர்வை. ஜிபி120இன் எடையில் பாதியளவு சர்க்கரைச் சங்கிலிகள். அவற்றை வைரஸ் தானே செய்வதில்லை. நம் உயிரணுவே செய்து பூசி அனுப்புகிறது. சொந்தச் சர்க்கரையைப் பார்க்கும் எதிர்ப்பாற்றல் அதை அந்நியமாக எண்ணுவதில்லை.

மூன்றாவது, ஓயாத மாற்றம். தன் மரபுச்செய்தியை நகலெடுக்கும்போது எச்.ஐ.வி அடிக்கடி பிழை செய்கிறது, செய்த பிழையைத் திருத்துவதும் இல்லை. சிகிச்சை பெறாதவர் உடலில் ஒரு நாளில் சுமார் ஆயிரம் கோடி வைரஸ்கள் உருவாகின்றன. தொற்றிய சில வாரங்களில் எதிர்ப்பொருள் வந்துவிடும், ஆனால் வைரசை முடக்கும் ஆற்றல் அதற்கு இருக்காது. முடக்கும் எதிர்ப்பொருள் வர மாதக்கணக்காகும். அதற்குள் முள்ளின் வடிவம் மாறிப்போயிருக்கும். உடல் அந்தப் புதிய வடிவத்துக்கு மீண்டும் எதிர்ப்பொருள் தயாரிக்கிறது, வைரஸ் மீண்டும் மாறுகிறது.

எல்லாவற்றிலும் கொடுமையானது, அது நுழையும் இடம். ஜிபி120 பற்றுவது சிடி4 என்ற புரதத்தை. அது இருப்பது எதிர்ப்பாற்றல் முழுவதையும் ஒருங்கிணைத்து நடத்தும் டி செல்களின் மேல். காவலுக்கு வந்த செல்லே தாக்கப்படுகிறது. நுழைந்த வைரஸ் தன் மரபுச்செய்தியை நம் மரபணுவோடு இணைத்துவிடுகிறது. அப்படி உறங்கும் செல்லை எதிர்ப்பொருளால் கண்டுகொள்ள முடியாது. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500க்கு மேல் இருக்க வேண்டிய சிடி4 செல்கள் 200க்குக் கீழே இறங்கும்போது எய்ட்ஸ் என்கிறோம். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் பத்து ஆண்டு அளவில் இந்த நிலை வரும்.

வைரசை முடக்காத எதிர்ப்பொருளுக்கும் பயன் உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா செல்லப்பன் பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சேகரித்தார். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி தொற்று தெரிந்தது. இந்தியாவில் அதுவே முதல் கண்டுபிடிப்பு. அங்கே காட்டிக்கொடுத்தது வைரஸ் அல்ல, அதற்கு எதிராக உடல் சுரந்திருந்த எதிர்ப்பொருள். இன்று விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் செய்யும் சோதனையும் இதே வேலையைத்தான் செய்கிறது. தொற்றிய முதல் சில வாரங்களில் எதிர்ப்பொருள் வந்திராததால், அப்போது ‘இல்லை’ என்று வரும் விடையை நம்பி விட்டுவிடாமல் மருத்துவர் சொல்லும் நாளில் மறுபடி சோதிக்க வேண்டும்.

ஆய்வாளர்களின் நம்பிக்கைக்கும் காரணம் இருக்கிறது. தொற்றோடு சில ஆண்டுகள் வாழ்ந்தவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு, பல வகை எச்.ஐ.வியை ஒருசேர முடக்கும் எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. 2010இல் அறிவிக்கப்பட்ட விஆர்சி01 என்ற எதிர்ப்பொருள் அப்படிப்பட்டது. முள்ளில் சிடி4ஐப் பற்றும் இடத்திலேயே அது போய் ஒட்டுகிறது. அந்த இடத்தை மாற்றிக்கொண்டால் வைரசுக்கே நுழைவது கடினம். இத்தகைய எதிர்ப்பொருளைப் படிப்படியாக உருவாக்க உடலைப் பழக்குவதுதான் இன்றைய தடுப்பூசி ஆய்வின் பாதை.

அது வரும்வரை மருந்து இருக்கிறது. மாத்திரைகள் வைரஸ் நகலெடுப்பதை நிறுத்துகின்றன; டி செல்கள் மீள்கின்றன. சோதனையில் தெரியாத அளவுக்கு வைரஸ் குறைந்து அப்படியே நிலைத்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2018இல் மலேசியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கர்ப்பிணிகளைச் சோதித்து, தொற்றிருந்தால் உடனே மருந்து தந்ததால் வந்த வெற்றி அது. மருந்தை விட நம் ஊர்களில் தட்டுப்பாடாக இருப்பது, பயமும் வெட்கமும் இல்லாமல் கிளினிக் வாசலை மிதிக்கும் துணிவுதான். அந்தத் துணிவை ஒருவருக்குத் தருவது அவரைச் சுற்றியிருக்கும் நம்முடைய பேச்சும் நடத்தையும். எச்.ஐ.வி உள்ளவரை ஒதுக்குவதால் வைரசுக்கு எந்த இழப்பும் இல்லை. சோதனைக்குப் போக இருந்த இன்னொருவர்தான் தயங்கி வீட்டோடு இருந்துவிடுவார்.