சைக்கிள் சீட்டு சரியா? முழங்காலைக் கேளுங்கள்!

"டாக்டர், பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிறா. ஸ்கூல்ல கொடுத்த சைக்கிள்லதான் போறா. சாயங்காலமானா முழங்கால் வலிக்குதுங்கறா. தைலம் ஏதாவது கொடுங்களேன்!"

குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் தாய்மார்கள் இப்படிக் கேட்பதுண்டு. தைலத்துக்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: "சீட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?"

பெரும்பாலும் அடியோடு இறக்கி வைத்திருப்பார்கள். உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டுமாம்! சீட்டு தாழ்ந்தால் முழங்கால் அதிகம் மடங்கும். சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். எந்தப் பக்கம் போனாலும் மேடுதான். அந்த மேட்டை மிதிக்கும்போது கேட்கவே வேண்டாம். போதாததற்குக் குளிர். குளிரும் மிகுந்த உழைப்பும் வாதத்தைத் தூண்டும் என்பது சித்த மருத்துவக் கணக்கு.

சரியான உயரம் எது?

சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே இறக்கி, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடினால் சீட்டு அதிக உயரம். சீட்டுக் குழாயில் எல்லைக்கோடு இருக்கும். அது வெளியே தெரியும்படி ஏற்றாதீர்கள்.

"கால் எட்டலையே, விழுந்துடுவேனே?"

விழமாட்டீர்கள். ஏறுவதையும் இறங்குவதையும் பழகினால் போதும்.

*கிளம்ப:* சீட்டில் உட்காராதீர்கள். அதற்கு முன்னால், சைக்கிளின் இருபுறமும் காலூன்றி நில்லுங்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெடலை முன்பக்கம் மேலே கொண்டு வாருங்கள். பிரேக்கை விட்டு அதை அழுத்தி மிதித்தால் சைக்கிளும் நகரும், உடம்பும் எழும்பும். அப்போது சீட்டில் உட்காருங்கள்.

*நிற்க:* இரண்டு பிரேக்கையும் சீராகப் பிடியுங்கள். ஒரு பெடல் கீழே இருக்கட்டும். அதில் எடையைப் போட்டு சீட்டிலிருந்து முன்னால் இறங்குங்கள். வண்டி நிற்கும்போது மற்றக் காலைத் தரையில் ஊன்றுங்கள்.

முதலில் சமதளமான மைதானத்தில் பழகுங்கள். செங்குத்து மேட்டில் கிளம்ப முடியாவிட்டால் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கமில்லை. இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் தலைக்குப்புற விழ நேரிடும். மழையில் ரிம் நனைந்திருந்தால் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும். வளைவுக்கு வெகுமுன்பே வேகத்தைக் குறையுங்கள்.

வளரும் பிள்ளைகளுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை சீட்டைச் சரிபாருங்கள். வலித்த காலுக்கு ஓய்வும், இளஞ்சூடான நல்லெண்ணெய்த் தடவலும் இதம் தரும். வீக்கம் இருந்தாலோ, முழங்கால் பூட்டிக்கொண்டாலோ, வலி நீடித்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மற்றபடி, முதல் வைத்தியம் ஸ்பானரில்தான் இருக்கிறது!